பக்கத்து மனையில் வைத்த வாசக்கால்

1. பிரச்சினையே இல்லாத சைட்

“ஒண்ணும் பிரச்சனையே இல்லாத சைட்டும்மா. பேஸ்மென்ட் முடிஞ்சிடுச்சு. காலைல வாசக்கால் வெக்கிறாங்க. நீ போயி நின்னாப் போதும்.”

எங்கள் இன்ஜினியர் சார் இப்படிச் சொல்லித்தான் என்னை மூலக்குளத்துக்கு அனுப்பினார். அதுவரை நான் ஆபீசில் உட்கார்ந்து பிளான் வரைந்துகொண்டிருந்தேன். டிப்ளமோ சிவில் படித்த பெண்ணை சைட்டுக்கு அனுப்ப அவருக்கு மனசே வரவில்லை. சைட்டைப் பார்த்துக்கொண்டிருந்த சூப்பர்வைசருக்கு திடீரென்று துபாய் விசா வந்து, அவன் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிப் போனதால்தான் எனக்கு அந்த யோகம் அடித்தது. புதிதாக இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பிரச்சினையே இல்லாத சைட் என்று யாராவது சொன்னால், கையில் இரண்டு வேளைச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போங்கள்.

இது இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த முதல் சில வருடங்களில் நடந்தது. வில்லியனூர் ரோட்டில் அப்போதுதான் வயல்கள் மனைகளாக மாறிக்கொண்டிருந்தன. ஒரு போகம் நெல் நின்ற இடத்தில் அடுத்த போகத்துக்கு வெள்ளைக் கல் நட்டிருப்பார்கள். எங்கள் சைட்டுக்குப் போகும் தெருவும் அப்படித்தான். ஒரு பக்கம் வாய்க்கால், மறுபக்கம் வரிசையாக மனைகள், நடுவில் ஒரு மண் ரோடு. மெயின் ரோட்டிலிருந்து திரும்பியதும் ஒரு காலித் துண்டு நிலம், அதில் டிரான்ஸ்ஃபார்மர். அதை ஒட்டி எங்கள் பேஸ்மென்ட். அதற்குப் பிறகு கண்ணுக்கு எட்டிய வரை கருவேலமும் எருக்கும்தான்.

வீட்டுக்காரர் பெயர் ராமலிங்கம். பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். அவரும் சொல்தாதான். கஞ்சி போட்ட சட்டை, பளபளவென்று ஷூ, பாக்கெட்டில் எப்போதும் ஒரு மெட்டல் டேப். நான் போய் இறங்கியதும் வாட்சைப் பார்த்தார்.

“பங்க்சுவலா வந்துட்டீங்க. வொய்லா. இப்படி ஒரு ஆளத்தான் தேடிட்டிருந்தேன்” என்றார்.

அவர் மனைவி கோமதியக்கா நேர்மாறு. வில்லியனூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். இருபத்தைந்து வருடம் பிரான்சில் இருந்தும் பேச்சில் ஒரு எழுத்து மாறவில்லை. வாசக்கால் மரத்துக்கு மஞ்சள் பூசிக்கொண்டே, அறிமுகமான கால் மணி நேரத்தில் தன் கதையை முழுக்கச் சொல்லிவிட்டார்.

“நாலாவது மாடிம்மா. வாசல்னு ஒண்ணு கெடையாது. கதவத் தொறந்தா லிஃப்ட்டு. ஒரு பொங்கலுக்கு ஆசப்பட்டு லிஃப்ட்டு முன்னாடி சாக்பீஸ்ல கோலம் போட்டேன். கீழ இருக்கற வாட்ச்மேன் பொம்பள பக்கெட்டும் துடப்பமுமா வந்து நின்னுட்டா, யாரு கிறுக்கி வெச்சதுன்னு. அன்னிக்கே இவருகிட்ட சொல்லிட்டேன். எனக்கு நகையும் வேணாம் நட்டும் வேணாம், நம்மூரு மண்ணுமேல ஒரு வாசல் கட்டிக் குடுங்கன்னு.”

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“அவுரு அரை மனசாத்தான் வந்துருக்காரு. கரன்ட்டு போனாலும் ‘அங்க இப்படி இல்ல’, பஸ்சு லேட்டானாலும் ‘அங்க இப்படி இல்ல’. இந்த வீட்டுல மட்டும் ஏதாச்சும் ஏடாகூடம் ஆச்சு, அடுத்த ஃப்ளைட்ட புடிச்சிடுவாரு. என்னையும் இழுத்துட்டுப் போயிடுவாரு. நீ நல்லபடியா முடிச்சுக் குடு கண்ணு, ஒனக்குப் புண்ணியமாப் போவும்.”

நான் பெரிய மனுஷி மாதிரி, “கவலப்படாதீங்கக்கா, நான் பாத்துக்கறேன்” என்றேன். வாய் இருக்கிறதே, அது என்னைக் கேட்டுக்கொண்டா பேசுகிறது.

2. ஸ்கூட்டரில் வந்த விருந்தாளிகள்

நல்ல நேரத்தில் வாசக்கால் நின்றது. மரத்துக்கு அடியில் காசும் மேலே மஞ்சள் துணியில் நவதானியமும் வைத்து, பெண்கள் பால் ஊற்றினார்கள். குப்புசாமி மேஸ்திரிக்கும் ஆசாரிக்கும் புது வேட்டி, துண்டு கொடுத்தார்கள். சொல்தா டேப்பை எடுத்து வாசக்காலின் குறுக்களவைப் பார்த்துத் தலையாட்டினார். மூன்று கல் வைத்து மூட்டிய அடுப்பில் காபிக்கு வெந்நீர் கொதித்தது. இலை போட்டு இட்லி, வடை, கேசரி பரிமாற ஆரம்பித்தோம்.

அப்போது ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. வெள்ளைக் கைலியும் தொப்பியுமாக ஒருவர், பின்னால் அவர் மனைவி. பெயர் இஸ்மாயில் பாய் என்றும், டவுனில் இலவம்பஞ்சு மெத்தைக் கடை வைத்திருக்கிறார் என்றும், வெள்ளிக்கிழமை கடை லீவு என்பதால் மனையைப் பார்க்க வந்தார் என்றும் எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. விசேஷம் நடக்கிற இடத்தில் வண்டி நின்றால் “வாங்க வாங்க, உக்காருங்க” என்பதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். யார், என்ன, எந்த ஊர் என்பதெல்லாம் சாப்பிட்டு முடித்த பிறகுதான்.

“இல்லம்மா, நாங்க பக்கத்து மனை. சும்மா பாத்துட்டுப் போலாம்னு” என்று பாய் தயங்கினார்.

“பக்கத்து மனையா? அப்ப சாப்புடாம போனாத்தான் தப்பு” என்று கோமதியக்கா இரண்டு பேரையும் உட்கார வைத்துவிட்டார். நானே கையால் கேசரி வைத்தேன். பாய் கேசரியை ரசித்துச் சாப்பிட்டார். அவர் மனைவி ஜீனத் சாப்பிடவில்லை. டிரான்ஸ்ஃபார்மரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏங்க” என்றார், “நம்ம மனைய ஒட்டித்தான டிரான்ஸ்ஃபார்மர் இருந்துச்சு?”

“மாத்தி வெச்சிருப்பாங்க” என்றார் பாய், வாயில் வடையோடு.

“அத்தாம்பெரிய டிரான்ஸ்ஃபார்மர தூக்கி மாத்துவாங்களா?”

பாய் மெல்லுவதை நிறுத்தினார். எழுந்து நின்று நான்கு பக்கமும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான்தான் கையில் பிளானை வைத்துக்கொண்டு நின்றேன்.

“மேடம், நான் மனை வாங்கினப்ப நாலு மூலைக்கும் பச்சை பெயிண்ட் அடிச்ச கல்லு நட்டேன். ஒண்ணக்கூட காணோமே.”

எனக்கு ஏனோ கண் தானாக அடுப்புப் பக்கம் போனது. வெந்நீர்க் குண்டானைத் தாங்கி நின்ற மூன்று கல்லில் ஒன்றின் அடிப்பக்கம், கரிக்குக் கீழே, பச்சையாகத் தெரிந்தது. நான் குப்புசாமி மேஸ்திரியைப் பார்த்தேன். அவர் புது வேட்டியைச் சரிசெய்துகொண்டார்.

“கடக்கால் தோண்டும்போது அது சும்மா கெடந்துச்சு மேடம். அடுப்புக்கு வாட்டமா இருந்துச்சு” என்றார்.

பாய் குனிந்து கல்லைப் பார்த்தார். முதலில் சிரிப்புத்தான் வந்தது அவருக்கு. “என் கல்லு மேலயே எனக்கு காபி போட்டிருக்கீங்களே” என்றார். அப்புறம்தான் விஷயம் உறைத்தது. சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

“அப்ப இது என் மனையாச்சேங்க” என்றார்.

3. அன், தெ, த்ருவா

சொல்தா யாரிடமும் வாக்குவாதம் செய்யவில்லை. நேராக மெயின் ரோட்டுக்குப் போய், அங்கிருந்து கை நீட்டி, ஒன்று, இரண்டு என்று பிரெஞ்சில் எண்ணிக்கொண்டே வந்தார். “அன்” என்று டிரான்ஸ்ஃபார்மர் துண்டைக் காட்டினார். “தெ” என்று வாசக்காலைக் காட்டினார். என்னைப் பெருமையாகப் பார்த்தார். “ரெண்டாம் நம்பர் மனை. என்னோடது.”

“சார்” என்றேன். பிளானை விரித்தேன். “டிரான்ஸ்ஃபார்மர் துண்டுக்கு நம்பர் கெடையாது. அது ரோட்டுக்கு வுட்ட எடம். லேஅவுட்ல மனை எண்ணிக்கை அதுக்கு அப்புறம்தான் ஆரம்பிக்குது. இதுதான் ஒண்ணு. பாயோடது. அதோ எருக்கு மண்டிக் கெடக்குதே, அது ரெண்டு. உங்களோடது.”

என்ன நடந்திருந்தது என்றால், சொல்தா முன்பு ஒரு தடவை பிரான்சிலிருந்து வந்திருந்தபோது ஐயரைக் கூட்டிக்கொண்டு போய் பூமி பூஜை போட்டிருக்கிறார். இடத்தைக் காட்டியது அவர்தான். டபுள் செக் பண்ண வேண்டிய சூப்பர்வைசர், வீட்டுக்காரரே மஞ்சள் குங்குமம் வைத்துக் காட்டின இடம்தானே என்று அங்கேயே கயிறு கட்டி மார்க்கிங் போட்டுவிட்டான். பூஜை போட்ட இடத்தை யார் அளந்து பார்க்கப் போகிறார்கள்? பிரான்ஸ் நாட்டு எல்லையை வருடக்கணக்கில் காவல் காத்த மனிதர், சொந்த மனையின் எல்லையில் கோட்டை விட்டுவிட்டார்.

நான் வாய்க்கால் ஓரமாகப் போய் எங்கள் சாருக்கு போன் போட்டேன்.

“சார், வாசக்கால் வெச்சாச்சு. ஆனா பக்கத்து மனையில.”

“அய்யய்யோ” என்றார். “சரி சரி, நீ பக்குவமா பேசி முடிச்சிடு. நான் ஒரு கல்யாணத்துல இருக்கேன்.”

அந்தக் கல்யாணம் ரொம்ப நாள் நடந்தது. அது முடியும்வரை அவர் போனை எடுக்கவில்லை.

4. “என் கை வராது”

திரும்பி வந்தபோது சொல்தா வாசக்காலுக்கு முன்னால் அட்டென்ஷனில் நின்றுகொண்டிருந்தார்.

“எண்ணினது நான். தப்பு என்னோடது. அடுத்தவர் மனையில ஒரு நிமிஷம் நிக்கறதுகூட எனக்கு வேணாம். மேஸ்திரி, இடிங்க.”

கோமதியக்கா, “என்னங்க இது” என்று அவர் கையைப் பிடித்தார். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“இந்த ஊரு நமக்கு ஒத்து வரல கோமதி. ஆகஸ்ட்டுக்கு டிக்கெட் போட்டுடறேன். திரும்பிப் போயிடலாம்.”

அக்கா முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. காலையில் நான் பாத்துக்கறேன் என்று சவடால் விட்டவள் அல்லவா நான். பாய் மட்டும் சொல்தாவின் எதிரே போய் நின்று, பிரெஞ்சு மரியாதையோடு கூப்பிட்டார்.

“மொசியே, கொஞ்சம் பொறுங்க. உங்க வீட்டம்மா கையால இப்பத்தான் சாப்புட்டேன். எல எடுக்கறதுக்குள்ள வீட்ட இடிச்சா எனக்கு அது செரிக்குமா? சண்டக்கு நான் வரல. பேசித் தீத்துக்கலாம்.”

“பேச ஒண்ணும் இல்ல. மேஸ்திரி, கடப்பாறைய எடுங்க.”

குப்புசாமி மேஸ்திரி தோளில் கிடந்த புதுத் துண்டை எடுத்து, மடித்து, சொல்தாவிடம் நீட்டினார்.

“இந்தாங்க சார். வேட்டிய வூட்டுக்குப் போயி அவுத்துக் குடுத்தனுப்பறேன். காத்தால மஞ்சத் தண்ணி தெளிச்சி வெச்ச வாசக்கால, அதே நாளு புடுங்க என் கை வராது. நான்னு இல்ல, இந்தப் பக்கம் எந்த மேஸ்திரியும் வர மாட்டான். கேட்டுப் பாருங்க.”

சொல்தா உண்மையிலேயே கேட்டுப் பார்த்தார். வில்லியனூர் வரைக்கும் போனார். எல்லா மேஸ்திரியும் விஷயத்தைக் கேட்டுவிட்டு, நடவு வேலை இருக்குது சார் என்று சொல்லிவிட்டார்களாம். அது நடவு சமயமே இல்லை. ஆனால் எங்கள் ஆட்களில் பாதிப் பேருக்குச் சொந்தமாக ஒரு துண்டு நிலம் உண்டு என்பதால், வேண்டாத வேலை வந்தால் எல்லா மாதமும் நடவு மாதம்தான். எனக்கு அந்த நேரத்தில் அவர்கள் எல்லோருக்கும் மாலை போட வேண்டும் போல இருந்தது.

5. மெத்தைக் கடையில்

மறுநாள் நான் டவுனில் பாய் கடைக்குப் போனேன். உள்ளே பஞ்சு பறந்துகொண்டிருந்தது. ஒரு மெத்தை மேலேயே உட்கார வைத்தார். நான் சுற்றி வளைக்காமல் கேட்டுவிட்டேன்.

“பாய், மனைய மாத்திக்கலாமா? ரெண்டும் ஒரே அளவு, ஒரே தெச. பரிவர்த்தனைப் பத்திரம்னு ஒண்ணு இருக்கு. ஒரே நாள்ல ரிஜிஸ்டர் பண்ணிடலாம்.”

“எனக்கு ஒண்ணும் இல்ல மேடம்” என்றார் பாய். “ஆனா நான் ஏன் அந்த மொத மனைய எடுத்தேன் தெரியுமா? மேல வீடு, கீழ பஞ்சு குடோன். பஞ்சு லாரில வரும். டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்துல காலி எடம் இருக்கறதால, வண்டி அங்க ஒடிச்சித் திரும்பி, நேரா என் கேட்டுக்குள்ள வந்துடும். ரெண்டாவது மனைன்னா எப்படித் திரும்பும்? எதிர்ல வாய்க்கா. தெருவோ சின்னது. லாரி வாய்க்கால்ல எறங்கினா பஞ்செல்லாம் நனஞ்சி, அதுல படுக்கறவன் நம்மள சபிப்பான்.”

உள்ளே தையல் மெஷினில் இருந்த ஜீனத்தக்கா தலையைத் தூக்காமலே பேசினார்.

“அந்தம்மாவுக்கு மொகமே செத்துப் போச்சு. அத நானும் பாத்தேன். இவங்களுக்கு வண்டி திரும்பணும், அவ்வளவுதான? நீங்க படிச்ச பொண்ணு, வண்டி திரும்பறதுக்கு ஒரு வழி பண்ணுங்க. நாங்க மாத்திக்கறோம்.”

பாய் தலையாட்டினார். அந்த வீட்டில் யார் பேச்சு செல்லும் என்பது எனக்குப் புரிந்துவிட்டது.

அன்று ஆபீசில் உட்கார்ந்து வரைந்தேன், கிழித்தேன், மறுபடி வரைந்தேன். மனையை மாற்றிக்கொண்டால், லாரி தெருவில் வரும்போது முதலில் தாண்டுவது சொல்தாவின் மனையை. அதைத் தாண்டி பாய் மனைக்குள் ஒடிக்கும்போது, பின்சக்கரம் சொல்தாவின் காம்பவுண்ட் முனையில் இடிக்கும். சுவருக்கு மட்டும் அந்த முனை இல்லாமல் இருந்தால் வண்டி சுலபமாகப் போய்விடும். ஆக, சொல்தா தன் மனையில் ஒரு மூலையைச் சுவருக்கு வெளியே விட வேண்டும். நல்ல வேளையாக அது ஈசானிய மூலை இல்லை. இருந்திருந்தால் அவர் சம்மதித்தாலும் வாஸ்துக்காரர் விட்டிருக்க மாட்டார்.

6. நேரான சுவர்

பேப்பரில் காட்டினால் யாருக்கும் நம்பிக்கை வராது. அதனால் எல்லோரையும் சைட்டுக்கு வரச் சொன்னேன். எருக்கை வெட்டி இரண்டாவது மனையைச் சுத்தம் செய்தோம். சொல்தா நினைத்து வைத்திருந்தபடி காம்பவுண்ட் சுவர் வரப்போகிற இடத்தில், ஒரு வரிசை செங்கல்லை நேராக அடுக்கினோம். பாய் தன் பஞ்சு லாரியையே வரவழைத்தார்.

லாரி வந்தது, ஒடித்தது, முனையில் இருந்த செங்கல்லை நொறுக்கியது. டிரைவர் தலையை நீட்டி, “இப்படியே கட்டினீங்கன்னா வாரத்துக்கு ஒரு சொவரு கட்டணும்” என்றார்.

மேஸ்திரி செங்கல்லைக் கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்தார். லாரி மறுபடி வந்தது. மறுபடி இரண்டு செங்கல் போனது. இன்னும் உள்ளே தள்ளினோம். இந்தத் தடவை லாரி அலுங்காமல் பாய் மனைக்குள் போய் நின்றது. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் கைதட்டினார்கள். சொல்தா தட்டவில்லை.

“காம்பவுண்டுன்னா நேரா இருக்கணும்” என்றார். “மூலைய வெட்டின சுவர் என்னா சுவர்? அதுவும் இல்லாம, என் வீட்டு வாசல் வழியா தெனம் லாரி போனா இவ எங்க கோலம் போடுவா? போட்ட கோலத்து மேல லாரி ஏறவா இவ்வளவு தூரம் வந்தோம்? வேணாம். பாய் மனைய பாயே வெச்சிக்கட்டும். நாங்க கெளம்பறோம்.”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. மனுஷன் தன் பிடிவாதத்துக்கு மனைவியின் கோலத்தைத் தூக்கிக் கேடயமாகப் பிடிக்கிறாரே என்று ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். நல்ல காலம், அதற்குள் கோமதியக்கா முன்னால் வந்துவிட்டார். அவர் சத்தம் போடவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார், அவ்வளவுதான்.

“கோலம்னா மிதிபடத்தாங்க செய்யும். வாசல்ல போடறதே நாலு பேரு நடந்து வர்றதுக்குத்தான். மிதிச்சா மிதிக்கட்டும், மறுநாளு வேற போட்டுக்கறேன். நீங்க கோலத்துக்காவப் பேசல. நீங்க எண்ணினது தப்பாப் போனத ஊரு பாத்துடுச்சு, அது ஒங்களுக்குத் தாங்கல. அதுக்கு என் வாசல ஏன் இடிக்கணும்?”

அக்கா தொடர்ந்தார்.

“ஆகஸ்ட்டுக்கு ஒரு டிக்கெட்டு மட்டும் போடுங்க. நீங்க போயிட்டு எப்ப தோணுதோ அப்ப வாங்க. நான் வரல. இங்கதான் இருப்பேன்.”

ஜீனத்தக்கா அவர் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். “லாரி மத்தியானத்துக்கு மேலதாங்க வரும். அதுக்குள்ள அக்கா கோலத்த ஊரே பாத்துட்டிருக்கும்” என்றார், சொல்தாவிடம்.

சொல்தா நொறுங்கிய செங்கல்லையும் அப்படியே நின்ற செங்கல்லையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பாக்கெட்டிலிருந்து டேப்பை எடுத்தார். இடிக்கிற இடத்தை அளக்கப் போகிறாரோ என்று நினைத்தேன். அவர் டேப்பின் ஒரு முனையை மேஸ்திரி கையில் கொடுத்து, தன் மனைக்கு உள்பக்கமாக ஓர் இடத்தில் பிடிக்கச் சொன்னார். தானே மறுமுனையில் ஒரு குச்சியைக் கட்டி, மண்ணில் கோடு இழுத்துக்கொண்டே நடந்தார். வெட்டு விழுந்த முனை, அழகான ஒரு வளைவாக ஆகியிருந்தது.

“மூலைய வெட்டறதுன்னா அசிங்கம். வளைக்கறதுன்னா ஒழுங்கா வளைக்கணும்” என்றார். “செங்கல்ல குறுக்க வெச்சு கட்டினா வரும். வருமா வராதா மேஸ்திரி?”

“வரும் சார்” என்றார் மேஸ்திரி. “துண்ட திருப்பிக் குடுங்க, கட்டறேன்.”

நான் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதைத் துடைக்கிற சாக்கில் வாய்க்கால் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

7. அதற்குப் பிறகு

ரிஜிஸ்டர் ஆபீசில் பத்திரத்தைப் படித்த அதிகாரி, எதற்காக மனையை மாற்றிக்கொள்கிறீர்கள் என்று கேட்டார். நான் ஏதாவது சமாளிப்பாகச் சொல்லலாம் என்று பார்த்தேன். சொல்தா என்னை முந்திக்கொண்டு, “நான் தப்பா எண்ணிட்டேன்” என்று ஆபீஸே கேட்கிற மாதிரி சொன்னார். பாய், “நான் சாப்புட்டுட்டேன்” என்றார். அதிகாரிக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் கையெழுத்துப் போட்டார். வளைவுக்கு வெளியே விட்ட இடத்தில் பாயின் வண்டி வந்து போகலாம் என்பதையும் பத்திரத்திலேயே எழுத வைத்தேன். இன்றைக்கு நட்பாக இருக்கிறார்களே என்று வாய்ப்பேச்சோடு விட்டுவிடாதீர்கள். இவர்கள் காலத்துக்குப் பிறகு இவர்கள் பிள்ளைகள் அந்த வளைவுக்காகக் கட்டிப் புரளக் கூடாது.

எங்கள் சார் போயிருந்த அந்தக் கல்யாணம் அன்றைக்குத்தான் முடிந்தது. சைட்டுக்கு வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, “நான் அப்பவே சொன்னேன்ல, பிரச்சனையே இல்லாத சைட்டுன்னு” என்றார். திருத்திய பிளானுக்கு அப்ரூவல் வாங்கும் வேலையை முழுக்க அவர் தலையில் கட்டிவிட்டு நான் ஒரு வாரம் லீவு போட்டேன்.

கிரகப்பிரவேசம் முடிந்தது. ஆகஸ்ட் வந்தது, போனது. பாய் வீட்டுக்கு மார்க்கிங் போட்ட நாளில் சொல்தாதான் முதலில் வந்து நின்றார். மெயின் ரோட்டிலிருந்து எண்ணாமல், மூலைக் கல்லிலிருந்து எண்ணினார். அதற்குப் பிறகு பாய்க்கு மெத்தைக் கடையைப் பார்க்கவே நேரம் போதவில்லை, வீட்டை முழுக்க சொல்தாவிடம் விட்டுவிட்டார். சொல்தா மணலைக் கையில் தேய்த்துப் பார்ப்பார், கம்பியை எண்ணுவார், சென்ட்ரிங் பலகை ஒரு நூல் விலகினாலும் வேலையை நிறுத்துவார். குப்புசாமி மேஸ்திரி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “இவர ஒரு மாசம் பிரான்சுக்கு அனுப்பி வையுங்க மேடம், புண்ணியமாப் போவும்” என்று கெஞ்சினார்.

அந்த சைட்டில் நான் கற்றுக்கொண்டதை இன்றுவரை விடவில்லை. மார்க்கிங் போடுகிற நாளில் நான்கு பக்கத்து மனைக்காரர்களையும் வரச் சொல்கிறேன். தூரத்தில் இருந்தால் போன் போட்டாவது கூப்பிடுகிறேன். அவர்கள் கல்லை அவர்களே காட்ட வேண்டும், நம் கயிற்றை அவர்களும் பார்க்க வேண்டும். வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது. சாப்பிட்ட வீட்டோடு சண்டை போட யாருக்கும் சட்டென்று மனசு வராது. எங்கள் தொழிலில் இதை எந்தப் புத்தகத்திலும் எழுதி வைக்கவில்லை, அதனால்தான் நான் எழுதுகிறேன்.

பாய் வீட்டுக்கு ரூஃப் காங்கிரீட் போட்ட அன்று, எல்லோருக்கும் பிரியாணி. சொல்தா மேலே ஏறி நின்று மிக்சர் மெஷின்காரரை அதட்டிக்கொண்டிருந்தார். நானும் கோமதியக்காவும் கீழே நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டோம். இப்போதாவது அவருக்கு இந்த ஊர் ஒத்து வருகிறதா அக்கா என்று கேட்டேன். அவர் எலும்பை ஓரமாக வைத்துவிட்டு யோசித்தார்.

“அங்க இருந்த வரைக்கும் ‘ஊருக்குத் திரும்பிப் போலாம், திரும்பிப் போலாம்’னு நான் சொல்லிட்டிருந்தேன். இங்க வந்ததும் அதையே அவுரு சொல்ல ஆரம்பிச்சாரு. இப்ப கொஞ்ச நாளா ரெண்டு பேருமே சொல்றதில்ல கண்ணு.”